அறுபது அடித்தவர் ஒரு கேட்சர்

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பாலின் 2025 பருவத்தில் அதிக ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) அடித்தவர்களின் பட்டியலை விளையாட்டுப் பக்கத்தில் பார்த்தேன். கால் ராலி 60, கைல் ஸ்வார்பர் 56, ஷோஹெய் ஒதானி 55, ஆரன் ஜட்ஜ் 53. எண்கள் எல்லாம் சரி. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் அணியை மட்டும் போட்டுவிட்டு, அவர் களத்தில் எந்த இடத்தில் ஆடுபவர் என்பதை விட்டுவிட்டீர்கள். பாதிச் செய்தி அங்கேதான் இருக்கிறது.

சியாட்டில் மரைனர்ஸ் அணியின் ராலி ஒரு கேட்சர். நம் விக்கெட் கீப்பரைப் போலத்தான், ஆனால் வேலை இன்னும் கடுமை. ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் குந்தி உட்கார வேண்டும். அடுத்து என்ன பந்து வீசலாம் என்று பிட்சருக்கு, அதாவது பந்து வீசுபவருக்கு, யோசனை சொல்ல வேண்டும். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து மட்டையின் விளிம்பில் உரசித் திசை மாறினால், நேராக முகக்கவசத்திலோ தோளிலோ வந்து விழும். ஆகஸ்ட் வந்தால் பல கேட்சர்களுக்கு முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். மட்டையில் வேகம் குறைந்துவிடும். அதனால்தான் கேட்சராக நிற்பதையே முக்கிய வேலையாகக் கொண்டவர்களில் அதுவரை யாரும் ஒரு பருவத்தில் 48-ஐத் தாண்டவில்லை. அதுவும் 2021-இல் சால்வடோர் பெரெஸ் அடித்தது.

ராலி எல்லா நாளும் கேட்சராக நின்றாரா என்றால், இல்லை. சில நாட்கள் களத்தில் இறங்காமல் அடிப்பதற்கு மட்டும் வந்தார். ஆனாலும் 162 ஆட்டங்களில் 159-இல் ஆடியிருக்கிறார். வலக்கைப் பிட்சர் என்றால் இடப்பக்கம் நின்று அடிப்பார், இடக்கைப் பிட்சர் என்றால் வலப்பக்கம். இப்படி இரு பக்கமும் அடிப்பவர்களில் மிக்கி மேண்டில் 1961-இல் அடித்த 54 தான் அதுவரை உச்சம். அதுவும் போயிற்று. அங்குள்ள இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் ராலிக்கு முன் 60-ஐத் தொட்டவர்கள் மூவர்: 1927-இல் பேப் ரூத், 1961-இல் ராஜர் மாரிஸ், 2022-இல் ஜட்ஜ். மூவருமே நியூயார்க் யாங்கீஸ்காரர்கள்!

ஸ்வார்பரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆகஸ்ட் 28 அன்று அட்லாண்டா பிரேவ்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தவர் அவர். ஆனால் அந்தப் பருவத்தில் அவருக்கு அடிப்பதுதான் முக்கிய வேலை. ஒதானி பாதிப் பருவத்திலிருந்து மறுபடி பந்தும் வீசினார், அவர் கணக்கே தனி.

இனி விருது விஷயம். மதிப்புமிக்க வீரர் விருது ஜட்ஜுக்குப் போனதை "மறுக்க முடியாத தேர்வு" என்று எழுதியிருந்தீர்கள். முதலிடத்துக்கு ஜட்ஜுக்கு 17 வாக்கு, ராலிக்கு 13. இதை மறுக்க முடியாது என்று எப்படிச் சொல்வது? பேட்டிங் சராசரி (அடிக்க வந்த தடவைகளில் ஏறத்தாழ எத்தனை பங்கு வெற்றிகரமாக அடித்தார் என்பது) ஜட்ஜுடையது .331, ராலியுடையது .247 என்பது உண்மைதான். ராலி ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி வெளியேறுவது) ஆவதும் அதிகம். வெறும் மட்டையை வைத்துப் பார்த்தால் ஜட்ஜ்தான் மேல், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒன்பது இன்னிங்ஸும் மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு பந்துவீச்சுப் படையையே நடத்துபவர் 60 அடித்து, அணியும் 2001-க்குப் பிறகு முதல் முறையாகத் தன் பிரிவில் முதலிடம் பிடிக்கிறது என்றால், என் வாக்கு அவருக்குத்தான். செப்டம்பர் 24 அன்று அந்த இடத்தை உறுதி செய்த ஆட்டத்தில்தான் 59-ஆவதையும் 60-ஆவதையும் அடித்தார் என்பதையாவது ஒரு வரி போட்டிருக்கலாம்.

அடுத்த பருவத்துப் பட்டியலில் ஆடும் இடத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். இடம் போதவில்லை என்றால் ஹோம் ரன் பறந்த தூரத்தை எடுத்துவிடலாம். பந்து வேலியைத் தாண்டிய பிறகு எத்தனை அடி போனால் என்ன, கணக்கு ஒன்றுதானே!

இப்படிக்கு,
விளையாட்டுப் பக்கத்தை முதலில் படிக்கும் வாசகர்