கயல், கணக்கையும் செய்முறையையும் கைவிடாதே

அன்புள்ள கயல்,

தொலைதூரக் கல்வியில் உளவியலை நிறுத்திவிட்டார்களே, என் படிப்பு என்னாகும் என்று கேட்டிருந்தாய். பயப்படாதே. பல்கலைக்கழக மானியக் குழு தடுத்தது புதிய சேர்க்கையைத்தான், அதுவும் 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து. நீ 2024 ஜூலையிலேயே இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) சேர்ந்தவள். ஆனாலும் அந்தத் தடையை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள். 2021-ஆம் ஆண்டு வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்துக்குள் உளவியலும் வருகிறது. ஆளை எதிரில் உட்காரவைத்துச் செய்து பழக வேண்டிய படிப்பு இது. அந்தப் பழக்கத்தைத் தபாலில் வரும் புத்தகம் தராது, நீதான் வீட்டில் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. 6 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 180 மணி. வருஷத்துக்கு 40 கிரெடிட் என்றால் 1200 மணி, வாரத்துக்கு 23 மணிக்கு மேல். வேலைக்குப் போய்க்கொண்டே இது எல்லோருக்கும் முடியாது. மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷம் வரை நீட்டிக்க இடமிருக்கிறது, அதைப் பயன்படுத்துவதில் வெட்கம் எதுவும் இல்லை. ஒரு பருவத்தில் ஆறு தாள் எழுதி மூன்றில் தவறுவதைவிட மூன்று எழுதி மூன்றிலும் தேறுவது மேல்.

வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புக்கு (அசைன்மென்ட்) 30 சதவீதம், பருவ இறுதித் தேர்வுக்கு 70 சதவீதம். இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும், ஒன்றில் வாங்கிய மதிப்பெண் மற்றதைத் தூக்கிவிடாது. பழைய பருவத்துக் கேள்விகளுக்கு விடை எழுதிக் கொடுத்துவிட்டு முழிப்பவர்கள் ஏராளம். ஒப்படைப்புக் கேள்விகளின் அட்டையில் இருக்கும் பருவத்தைப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பி. கையால் எழுது, ஒரு நகல் வைத்துக்கொள், கொடுத்ததற்கு ரசீது வாங்கு. தேர்வுப் படிவமும் அடுத்த வருஷத்துக்கான மறுபதிவும் தாமாக நடப்பவை அல்ல. இரண்டுக்கும் தேதி பார்த்து நீதான் பணம் கட்ட வேண்டும். அச்சுப் புத்தகம் வர நாளானால் காத்திருக்காதே, எல்லாப் பகுதிகளும் இக்னோவின் இணையக் களஞ்சியமான இ-ஞானகோஷில் இலவசமாகக் கிடைக்கின்றன.

புத்தகம் ஆங்கிலத்தில். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களையும் தடுக்கி விழவைக்கும் சொற்கள் இதில் உண்டு. 'நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' என்றதும் தண்டனை என்று எழுதிவிடுவார்கள். காரில் பெல்ட் போடாவிட்டால் கீங் கீங் என்று கத்துகிறது, போட்டதும் நிற்கிறது, அடுத்த முறை ஏறியதும் கை தானாகப் பெல்ட்டுக்குப் போகிறது. தொல்லை ஒன்று விலகியதால் ஒரு செயல் கூடியது. செயல் கூடினால் வலுவூட்டல் (ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்), குறைந்தால் தண்டனை. 'நெகட்டிவ்' என்பது இங்கே கெட்டது என்ற பொருளில் வரவில்லை, ஒன்றை எடுத்துவிடுவது, அவ்வளவுதான். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் நம் வீட்டு உதாரணம் ஒன்றைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு, பிறகு ஆங்கில விடைக்குப் போ.

புள்ளியியலைக் கடைசிக்குத் தள்ளாதே. 4, 6, 7, 8, 10 என்ற ஐந்து மதிப்பெண்களை எடு. சராசரி 7. விலகல்கள் -3, -1, 0, 1, 3. வர்க்கங்களைக் கூட்டினால் 20. அதை 5-ஆல் வகுத்தால் 4, வர்க்கமூலம் 2. 4-ஆல் வகுத்தால் 5, வர்க்கமூலம் 2.24. மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்வது திட்டவிலக்கம். இரண்டில் எது அது? அந்த ஐந்து பேர்தான் மொத்தக் கூட்டம் என்றால் முதலாவது. அவர்களை வைத்துப் பெரிய கூட்டத்தை மதிப்பிடுகிறாய் என்றால் இரண்டாவது. கால்குலேட்டரில் தவறான பொத்தானை அழுத்தி இந்த இடத்தில்தான் மதிப்பெண் இழக்கிறார்கள். தினமும் ஒரு கணக்கைக் கையால் போடு.

இனி செய்முறை. முல்லர்-லயர் பிம்பமயக்கம் என்பது, சம நீளமுள்ள இரண்டு கோடுகளில் முனையில் அம்புத் தலை உள்ளது குட்டையாகவும் இறகு விரிந்தது நீளமாகவும் தெரிவது. அதற்கான கருவியை ஒரு சார்ட் அட்டையில் நீயே செய்துகொள்ளலாம். அட்டையை மடித்து உறை மாதிரி ஒட்டு. அதன்மேல் 10 செ.மீ. கோடு, இரு முனையிலும் அம்புத் தலை. உறைக்குள் நகரும் பட்டையில் ஒரு நீளக் கோடு, அதன் வெளிமுனையில் வெளிப்புறம் விரியும் இறகு. நடுவில் இருக்கும் அம்புத் தலையே பட்டைக் கோட்டுக்கு இன்னொரு முனை இறகாகிவிடும். பட்டையின் பின்பக்கம் மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டு.

எதிரில் இருப்பவர் இரண்டு கோடும் சமமாகத் தெரியும்வரை பட்டையை நகர்த்த வேண்டும். மொத்தம் 40 முறை. 20 முறை பட்டையை நன்றாகக் குட்டையாக வைத்து வெளியே இழுக்கச் சொல், 20 முறை நீளமாக வைத்து உள்ளே தள்ளச் சொல். ஒவ்வொன்றிலும் பாதி முறை பட்டை வலப்பக்கம், பாதி இடப்பக்கம். நீளத்திலிருந்து ஆரம்பித்தவர் கொஞ்சம் சீக்கிரமே நிறுத்திவிடுவார், குட்டையிலிருந்து ஆரம்பித்தவரும் அப்படித்தான். இரு பக்கமும் எடுத்தால்தான் அந்தப் பிழைகள் ஒன்றையொன்று அடிக்கும். சராசரி 82 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள், மயக்கத்தின் அளவு 18 மி.மீ.

ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்கினால் அவர் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டுக் கை நகர்வை நினைவில் வைத்துச் செய்வார். "ஐயோ, இவ்வளவு குட்டையா?" என்று உன் முகம் காட்டிக்கொடுத்தாலும் போச்சு, அடுத்த முறையே திருத்திக்கொள்வார். அளவைச் சொல்லாதே, முகத்தையும் காட்டாதே. வந்த எண்ணை அப்படியே எழுது. எதிர்பார்த்தது வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழுது. அழகுபடுத்திய எண்களைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம், நாற்பதும் ஒரே மாதிரி இருக்கும்.

மனநோய்ப் பாடம் வரும்போது ஒன்றை நினைவில் வை. ஒவ்வொரு அறிகுறியும் உனக்கும் உன் மாமியாருக்கும் இருப்பதுபோலத் தோன்றும். இது படிப்பவர்கள் பலருக்கும் நேர்வதுதான். யாருக்கும் பெயர் ஒட்டாதே கண்ணே. ஆலோசனை கேட்டு வரும் தோழியின் கதையைக் காது கொடுத்துக் கேள், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போ. அதற்கு மேல் இந்தப் பட்டம் உனக்கு அனுமதி தராது.

மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பை நேரடியாகக் கல்லூரியில் படித்து, கவுன்சிலில் பதிவு எண் வாங்க வேண்டும். வேலையை விட்டு வர வேண்டியிருக்கும், அதற்கான பணத்தை இப்போதே ஒதுக்க ஆரம்பி. முதுகலைக்கு விண்ணப்பிக்கும் முன், இளங்கலையைத் தொலைதூரத்தில் முடித்தவர்களைச் சேர்ப்பார்களா என்று அந்தந்தக் கல்லூரியிலேயே எழுத்தில் கேட்டு வாங்கு.

அட்டை செய்துவிட்டால் முதல் 40 முறையையும் மாப்பிள்ளையை வைத்து எடு, தாளைப் படம் பிடித்து அனுப்பு. கூட்டலைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா