குடை பிடித்த தவளையைப் பற்றி, வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம். இணையத்தில் சுற்றுகிற அந்தத் தவளைப் படத்தை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதுகு உரிந்து, ஒரு கண் போய், மழையில் நனைந்தபடி ரோஜாத் தொட்டியோரம் உட்கார்ந்திருப்பது, நீங்களே கலர் அடித்துக்கொள்ளப் பெயின்ட்டோடு செட்டாக நாங்கள் விற்கிற சிமென்ட் தோட்டப் பொம்மைகளில் ஒன்றுதான், மறுக்கவில்லை. "சாயம் வெளுத்துப் போச்சு" என்று கீழே எழுதியிருந்ததைப் படித்து நானே சிரித்துவிட்டேன். ஆனால் "இவங்க தர்ற பெயின்ட்ல பாதி தண்ணி" என்று ஒருவர் போட்டு, அதற்கு ஆளாளுக்கு ஆமாம் போட்டதும் எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

தண்ணீர் கலக்கிறோம். எமல்ஷன் என்பதே தண்ணீர் விட்டு அடிக்கிற பெயின்ட்தானே! வாளியில் இருப்பதை அப்படியே சின்ன பிரஷ்ஷில் தொட்டு அடித்துப் பாருங்கள், தயிர் மாதிரி திட்டுத்திட்டாக நின்று தவளையின் விரலிடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். எவ்வளவு தண்ணீர் விடலாம் என்று வாளியிலேயே அச்சடித்திருக்கிறது, நாங்கள் விடுவது அதற்குள்தான், கடைக்கு வந்தால் கண்ணெதிரே கலக்கிக் காட்டுகிறேன். அதுவும் வெளிச்சுவருக்கு அடிக்கிற சரக்கு. பக்கத்தில் விளாச்சேரியில் செய்கிற கொலு பொம்மைகள் நவராத்திரி முடிந்ததும் துணி சுற்றிக்கொண்டு பரணுக்குப் போய்விடும். எங்கள் தவளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, சித்திரை வெயிலோ ஐப்பசி மழையோ, நின்ற இடத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

உரிவதற்குக் காரணம் ஈரம். சிமென்ட் பொம்மையை வார்த்தபின் ஈரமும் சிமென்ட்டிலுள்ள சுண்ணாம்புக் காரமும் அடங்க 28 நாளாவது விட வேண்டும், இல்லையென்றால் உள்ளிருந்து வெள்ளையாக உப்புப் பூத்துப் பெயின்ட்டைத் தள்ளிவிடும். ஐப்பசியில் ஆர்டர் குவிந்த நேரத்தில் சில தவளைகள் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிட்டன. அது ஒருபுறம் இருக்கட்டும். வீட்டு கேட்டுக்கு அடித்த எனாமல் மிச்சமிருக்கிறதே என்று அதைப் பூசுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். புது சிமென்ட்டின் காரம் எண்ணெய்ப் பெயின்ட்டைச் சோப்பாக்கிவிடும், பிசுபிசுவென்று கையோடு வரும்.

சந்தேகமாக இருந்தால் ராத்திரி தவளையின் முதுகில் ஒரு பாலிதீன் துண்டை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிடுங்கள். காலையில் உள்பக்கம் முத்துமுத்தாக வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்தபின் உப்பைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, முதலில் சிமென்ட் பிரைமர் என்கிற அடிப்பூச்சு, அப்புறம்தான் கலர். அடிப்பாகத்துக்கும் பூசுங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான். மண்ணில் நேரே உட்கார வைத்தால் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சும், ஒரு செங்கல் போட்டு அதன்மேல் வையுங்கள். கண் கடைசியில். பென்சிலின் ரப்பர் முனையால் வெள்ளைப் பொட்டு, அது காய்ந்ததும் தீக்குச்சித் தலையால் கறுப்புப் பொட்டு. கறுப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் தவளை உங்களை ஓரக்கண்ணால் பார்க்கும்.

இதெல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்ததும்தான். கோயில் மதில் மாதிரி காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஆமையைப் படமெடுத்து அனுப்பிய அம்மா, நத்தை ஓட்டில் சிக்குக் கோலம் போட்ட பாட்டி, காளானுக்கு மீசை வரைந்த பையன் என்று உங்களையெல்லாம் நினைத்துத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். அந்த ஆமைப் படம் இன்னும் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. உங்களுக்கு நன்றி என்று ஒரு வார்த்தையில் சொன்னால் போதாது.

350 ரூபாய் செட் தை முதல் 420. சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி குறைந்ததே என்பீர்கள், ஒரு தவளையில் இருக்கிற சிமென்ட் எவ்வளவு, அது உடையாமல் போய்ச்சேர ஆகிற அட்டைப்பெட்டியும் கூரியரும் எவ்வளவு!

உரிந்த தவளை வைத்திருப்பவர்கள் கடைக்கு எடுத்து வாருங்கள். சுரண்டி, பிரைமர் அடித்து, புது கலர் டப்பாவும் கையில் தருகிறோம், காசு வேண்டாம். பணமாகத் திருப்பித் தர இயலாது. செவ்வாய்க்கிழமை கடை லீவு.