ஏரிஸைத் தோண்டி எடுத்துக் கொடுத்தவர்களுக்கு, செந்தூலிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றியது ஞாபகம் இருக்கலாம். 1999 வாக்கில் கோலாலம்பூர் செந்தூல் பையன்கள் இரண்டு பேர், இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டிஸில் வீடியோ கேம் பற்றித் தமிழில் ஒரு தளம் நடத்தினார்கள், அதில் எதாவது யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். அந்த இரண்டு பேரில் ஒருவன் நான், இன்னொருவன் என் மச்சான். உண்மையைச் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு என் கையில் பதினோரு பக்கம் இருக்கிறது, படங்கள் பாதி செத்துப்போய், வருகை எண்ணும் பெட்டி இருந்த இடத்தில் வெறும் கட்டம், ஆனாலும் எழுத்து முழுசாக.

ஏன் தேடினேன் என்பதை அப்போது சரியாகச் சொல்லவில்லை. பழைய நாள் ஏக்கம் அது இது என்று எழுதிவிட்டேன். ஏக்கமும் உண்டுதான், ஆனால் நிஜக் காரணம் ஒரு சண்டை. ஃபைனல் ஃபேன்டஸி 7 ஆடியவர்களுக்குத் தெரியும், முதல் சிடி முடிகிற இடத்தில் கதாநாயகி ஏரிஸ் செத்துப்போவாள் (1997ல் வந்த கேம், இதற்கு மேலும் ரகசியம் காக்க முடியாது). அவளைத் திரும்ப உயிரோடு கொண்டுவரலாம் என்று அந்தக் காலத்தில் உலகம் பூராவும் புரளி ஓடியது. போதாததற்கு, கேமில் வரும் எலும்புக் கிராமத்தில் தோண்டி எடுக்கிற சாவியை வைத்து மிட்கார் நகரத்துக்குள் நுழைந்து அவள் பூ வளர்த்த தேவாலயத்துக்குப் போனால் அவள் உருவம் ஒரு கணம் தெரிந்து மறையும், அதைப் பார்த்தவன் எவன் சும்மா இருப்பான்? எங்கள் தளத்திலும் அதற்கு ஒரு வழி எழுதியிருந்தது. எல்லாரையும் கடைசி லெவலான 99க்கு ஏற்று, பூக்களுக்கு நடுவில் நில், அசையாதே, அவள் வருவாள். அதை எழுதியவன் மச்சான், அதை நம்பி எஸ்பிஎம் பள்ளி இறுதிப் பரீட்சைக்கு முந்தின விடுமுறையைத் தொலைத்தவன் நான். இதுதான் கால் நூற்றாண்டாக நான் சொல்லிவந்த கதை. கல்யாண வீடு, காதுகுத்து, பத்துமலையில் தைப்பூச வரிசை, எங்கே அவனைப் பார்த்தாலும் சொல்லிக்காட்டுவேன், அவனும் "நான் எழுதலை லா" என்று முனகிக்கொண்டே என் தே தாரிக் டீக்குக் காசு கொடுப்பான். போன தீபாவளிக்கு அவன் மகள் முன்னால் சொல்லப்போய் அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. சரி, ஆதாரத்தையே காட்டிவிடுகிறேன் என்று கிளம்பினேன்.

முதல் நன்றி அத்தைக்கு. பழைய தளத்தைத் தேட அதன் முகவரி வேண்டும், அது இல்லாமல் எந்த ஆவணக் காப்பகத்திலும் ஒன்றும் கிடைக்காது. ஜியோசிட்டிஸில் அப்போது பேட்டை பேட்டையாக இடம் பிரித்துக் கொடுப்பார்கள், கேம் ஆட்களுக்கு டைம்ஸ் ஸ்குவேர், அப்புறம் ஒரு வீட்டு எண். எங்களுக்குப் பேட்டை ஞாபகம் இருந்தது, எண் மறந்துவிட்டது. மச்சான் எல்லாவற்றையும் ஒரு சிடியில் பதிந்து வைத்திருந்தானே, அது எங்கே என்று கேட்டபோது அத்தை சர்வசாதாரணமாகக் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். முருங்கை மரத்தில் பறவை விரட்ட நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார், எத்தனை வருஷ வெயிலோ, வெள்ளிப் பூச்சு உரிந்து கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது. ஆனால் அத்தை எதையும் தூக்கிப்போடுகிற ஆள் இல்லை. சிடியின் பெட்டி மட்டும் தையல் சாமான் டிராயரில், பட்டன்கள் போட்டு வைத்தபடி இருந்தது. அட்டையில் மச்சானின் கோணல் கையெழுத்தில் முழு முகவரி, நான்கு இலக்க எண்ணோடு.

அடுத்து பினாங்கிலிருந்து, பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே எனக்காக உட்கார்ந்த தங்கைக்கு. பெயர் போடக் கூடாது என்றீர்கள், போடவில்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் எங்கள் முகப்புப் பக்கம் மட்டும்தான் இருந்தது. ஜியோசிட்டிஸை மூடப்போவதாக யாஹூ 2009 ஏப்ரலில் அறிவித்து அக்டோபர் 26ல் மூடியது, அந்த ஆறு மாதத்தில் ஒரு ஃபைலைக்கூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை, பாஸ்வேர்டும் மறந்திருந்தது, அக்கறையும் இல்லை. முன்பின் தெரியாத ஆர்க்கைவ் டீம் தொண்டர்கள்தான் கிடைத்ததையெல்லாம் அள்ளி, அடுத்த வருஷம் ஏறக்குறைய ஒரு டெராபைட் அளவுக்கு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி டாரன்ட்டில் விட்டார்கள். அந்தக் குவியலுக்குள் போய் எங்கள் பத்து உள்பக்கங்களைத் தங்கைதான் பொறுக்கி எடுத்தார். அந்தத் தொண்டர்களுக்குத் தமிழ் தெரிய நியாயமில்லை, இருந்தாலும் நன்றி. மூடியது ஜியோசிட்டிஸ் மட்டுமா? ஆன்லைனில் கேம் ஆட உதவிய கேம்ஸ்பை சர்வர்கள் 2014 மே 31ல் நின்றன, பிரவுசர் கேம்கள் ஓடிய ஃப்ளாஷ் 2020 கடைசியோடு முடிந்தது. நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு, ஃப்ரெண்ட்ஸ்டர் என்ற சமூக வலைத்தளத்தை 2009ல் மலேசிய நிறுவனம் வாங்கி, 2011ல் கோலாலம்பூரிலிருந்து கேம் தளமாக மாற்றி நடத்தி, 2015ல் நிறுத்தியது. ஒவ்வொன்றிலும் யாரோ கடைசி நேரத்தில் வாளியோடு ஓடியிருக்கிறார்கள்.

கிடைத்த பக்கங்களைத் திறந்தால் படிக்க முடியவில்லை. தமிழில் யூனிகோடு பரவுவதற்கு முந்தின காலம், நாங்கள் எழுதியது திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில், "இணைமதி எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்" என்று மேலே ஒரு வரி போட்டிருப்போம். இப்போதைய பிரவுசரில் அது பின்னக் குறிகளாகவும் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளாகவும் தெரிகிறது. 'தமிழ்' என்ற சொல்லே முக்கால் குறியில் ஆரம்பிக்கிறது! முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் காலத்திலிருந்து கணினியில் தட்டச்சு செய்யும் கிள்ளான் ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர், மூன்றே நாளில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி அனுப்பினார். அதோடு விட்டாரா? பதினாறு வயதுப் பையன்கள் எழுதியதை அச்செடுத்துச் சிவப்பு மையில் திருத்தி, படம் பிடித்தும் அனுப்பினார். "அவள் நிச்சயம் உயிர்ப் பிழைப்பாள்" என்ற வரியைச் சுற்றி வட்டம். ஓரத்தில், "ப் மிகாது. அவள் பிழைக்கவும் மாட்டாள் என்கிறான் என் மகன்."

ஜாலான் ஈப்போ சைபர் கஃபே தவுக்கேவுக்கும் (முதலாளி) ஒரு வார்த்தை. கடை போய் வெகு காலம் ஆகிறது. மணிக்கு 3 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, பக்கம் ஏற்ற ஐந்து நிமிஷம் தாண்டினால் கணக்குப் பார்க்காமல் விட்டவர். அங்கிள், நீங்கள் இதைப் படிக்கப்போவதில்லை, உங்கள் மருமகன் படித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி, அதில் ஒருவர் ஸ்டோர் ரூமில் ஏணியிலிருந்து விழுந்திருக்கிறார், கால் எப்படி இருக்கிறது அண்ணே?

இனி ஆதாரம். ஏரிஸ் பக்கத்தின் அடியில் எழுதியவர் பெயர் இருக்கிறது. என் பெயர். "நானே செய்து பார்த்தது, நூறு சதம் உண்மை" என்று வேறு. செய்து பார்க்கவில்லை, அது மட்டும் இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது, ஏதோ ஓர் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து எழுதி, பூக்களை நானாகச் சேர்த்தேன். 'புதுச் செய்திகள்' பக்கத்தில் இரண்டு மாதம் கழித்து மச்சான் எழுதியது இது: "லெவல் 99 ஆச்சு. லீவு பூரா போச்சு. அவள் வரவில்லை. இதை எழுதினவன் கையில் கிடைத்தால் அவனும் பிழைக்க மாட்டான்." ஆக, விடுமுறையைத் தொலைத்தவனும் அவன்தான். அவன் தொலைத்ததை எப்போது என்னுடையதாக எடுத்துக்கொண்டேன் என்று எனக்கே புரியவில்லை.

நேற்று அவன் வீட்டுக்குப் போய் அச்செடுத்த தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்தான், மகளைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னான், அப்புறம் ஃபோனில் கால்குலேட்டரைத் திறந்து வருஷத்துக்கு எத்தனை தே தாரிக் என்று என்னிடமே கேட்டான். தொகை இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை செந்தூல் மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் உட்கார்வோம், உதவியவர்கள் யார் வந்தாலும் ரொட்டி சானாய் என் கணக்கு. அத்தை சிடி பெட்டியைத் திருப்பிக் கேட்கிறார், பட்டன் போட வேறு டப்பா இல்லையாம்.