எட்டு போட்டவளும் இருபது வளைவும்

கன்னங்குறிச்சி, சேலம்
ஞாயிறு இரவு

அன்பு சேகர்,

உன் செய்திக்கு மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. கோபமாக இருப்பாய், இரு. "பிரவீணுக்கு எந்த பைக் வாங்கலாம், நீ சொன்னால்தான் வாங்குவேன்" என்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் முடிகிற பதில்தான், எழுதவும் ஆரம்பித்தேன். அதற்குள் அக்கா மகள் கயல் விஷயம் நடந்துவிட்டது. அப்புறம் அந்த இரண்டு வரியை அனுப்ப மனசு வரவில்லை. அதனால்தான் பேப்பரை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பழனி கடையை விற்றுவிட்டான், அதுவும் யாருக்கு என்கிறாய், எதிர்க்கடைக்காரருக்கே. நீ அன்றைக்கே சொன்னாய். உன் போண்டாக் கணக்கை மட்டும் அவன் இன்னும் மறக்கவில்லை, வட்டியோடு வசூலிப்பானாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதக் கடைசி ஞாயிறு, கயல் தன் தோழியைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் ஏற்காடு போனாள். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஏரி, பகோடா பாயின்ட் எல்லாம் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு இறங்க ஆரம்பித்திருக்கிறார்கள். பயந்த பெண், வேகமாகப் போகிறவள் இல்லை. அந்த இருபது கொண்டை ஊசி வளைவில் மேலே முதலாவதிலிருந்தே இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடியே வந்திருக்கிறாள். பாதி மலை இறங்கியதும் கருகிய வாசனை வந்திருக்கிறது. முன்னால் போகிற லாரி என்று நினைத்திருக்கிறாள். கீழிருந்து எண்ணினால் எட்டாவது வளைவு, அதற்குக் கொஞ்சம் மேலே, லீவரைப் பிடித்தால் ஹேண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை.

உயிரோடு இருக்கிறாள் சேகர். இரண்டு பேருமே. இடது பக்கம் மலையோரக் கால்வாயை வாரி மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள், அதில் வண்டி போய்ச் சொருகிக்கொண்டது. கயலுக்கு முழங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டில் சின்ன விரிசல். தோழிக்குக் காதுக்கு மேலே ஏழு தையல். கயல் ஹெல்மெட் போட்டிருந்தாள். தோழியின் ஹெல்மெட் சீட்டுக்கு அடியில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் சொன்ன ஒன்று இன்னும் என் காதில் இருக்கிறது. "மாமா, எதிர்ல அந்தச் சுவரையே பாத்துட்டு இருந்தேன், வண்டி அங்கயேதான் போச்சு. அப்புறம் மண்ணைப் பாத்தேன், மண்ணுக்குப் போச்சு." கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும் என்று அனுபவமுள்ளவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தவர்கள் எத்தனை பேர். அந்தப் பெண் அந்த நொடியில் பார்வையைத் திருப்பினாளே, அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

மறுநாள் வண்டியைக் கோரிமேட்டில் நம்ம மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பின் சக்கரத்தைக் கழற்றி, கிண்ணம் மாதிரி இருக்கிற பிரேக் டிரம்மைத் தூக்கி வைத்தார். உள்ளே வளையமாக நீலம் பாய்ந்திருந்தது, தோசைக்கல்லை வெறுமனே காய வைத்துவிட்டால் வருமே அந்த நிறம். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவை என் கையில் கொடுத்தார். சொரசொரவென்று இருக்க வேண்டிய லைனிங் கண்ணாடி மாதிரி வழவழ என்று இருந்தது, நகத்தால் கீறினால் நகம்தான் வழுக்குகிறது. "லைனிங் கருகி மெருகு ஏறிடுச்சு சார், இனிமே இது எதையும் பிடிக்காது. டிரம்மும் சூட்டுல விரிஞ்சிருக்கும், ஷூ எட்டியிருக்காது" என்றார். வண்டிக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. போன மாதம்தான் சர்வீஸ் விட்டாள். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் எனக்கு அடிவயிற்றில் விழுந்த அடி.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். பதினொன்றாம் வகுப்பில் வருஷா வருஷம் கரும்பலகையில் போடுகிற நிலையாற்றல் கணக்குதான். வண்டி, இரண்டு பெண்கள், பைகள் எல்லாம் சேர்த்து 220 கிலோ என்று வை. ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு ஏறக்குறைய 1000 மீட்டர் இறக்கம். பெருக்கினால் இருபத்தொரு லட்சம் ஜூலுக்கு மேல் வருகிறது. ஏழு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் போய்ச் சேர ஸ்கூட்டரில் இரண்டே இடம்தான், உள்ளங்கை அகல டிரம் இரண்டு. இருபது வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். தினமும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறேன். ஒரு நாளும் இந்த எண்களை அதில் போட்டுப் பார்க்கவில்லை.

அவளுக்கு வண்டி பழக்கிவிட்டது யார் தெரியுமா? நான்தான். காலேஜ் மைதானத்தில் இரண்டு சாயங்காலம். பேலன்ஸ் வந்தது, ஆக்சிலேட்டர் பழகியது, மூன்றாவது நாள் எட்டு போட்டாள், அடுத்த வாரம் லைசென்ஸ். அந்த எட்டில் பிரேக் எங்கே வருகிறது? காலை ஊன்றாமல் சுற்றி வந்தால் முடிந்தது. அவசரத்துக்கு எப்படி நிறுத்துவது, மலையில் எப்படி இறங்குவது, ஒன்றும் நான் சொல்லவில்லை. நமக்கும் யாரும் சொல்லவில்லையே. உன் சித்தப்பா ராஜ்தூத்தில் உன்னை உட்கார வைத்துத் தள்ளிவிட்டார், நீ எனக்குத் தள்ளிவிட்டாய்.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்று ஒருவர், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை கொடுத்தார். விபத்தில் சிக்கியவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாங்களே பழகியவர்கள், இல்லாவிட்டால் வீட்டாரிடமோ நண்பர்களிடமோ பழகியவர்கள். பெரும்பாலானவர்கள் ஆபத்தில் பின் பிரேக்கை அதிகமாக மிதித்துச் சறுக்கவிட்டு, முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காமலே மோதியிருக்கிறார்கள். படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கயலை அந்த 92-இல் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்.

நாம் மட்டும் என்ன செய்தோம்? ஆர்எக்ஸ் 100-இல் கடைசி வளைவிலிருந்து அடிவாரம் வரைக்கும் சாவியை அணைத்து, நியூட்ரலில் விட்டு, பெட்ரோல் மிச்சம் என்று பேசிக்கொண்டு வருவோமே. செக்போஸ்ட் டீக்கடைப் பெரியவர் ஒரு நாள் நம்மை நிற்க வைத்துத் திட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? லாரி ஓட்டியவர் அவர். "எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்ல எறங்குடா." அந்த ஒரு வாக்கியம் நமக்குக் கிடைத்தது. கயலுக்குக் கிடைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் அவள் வண்டியில் கியரே கிடையாது.

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. கியர் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், இரண்டாவது கியரில் போட்டால் பாதி வேலை அதுவே செய்துவிடும். ஸ்கூட்டரில் பெல்ட்டும் ரோலரும்தான். வேகம் குறைந்து எஞ்சின் சுற்றும் குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுவிடும், அப்புறம் வண்டி சைக்கிள் மாதிரி உருண்டு போகும். மெக்கானிக் ஒரு வழி சொன்னார். உருள ஆரம்பித்ததும் ஆக்சிலேட்டரை ஒரு தடவை லேசாகத் திருகி விட்டால் கிளட்ச் பிடித்துக்கொள்ளும், எஞ்சின் கொஞ்சம் இழுக்கும். ஆனாலும் அதை நம்பி இறங்கக் கூடாது. பிரேக்கைத் தொட்டபடியே வராமல், வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் டிரம் ஆறும். நாலைந்து வளைவுக்கு ஒரு தடவை அகலமான இடத்தில் நிறுத்திப் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். கருகிய வாசனை வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

இப்போது பிரவீண். பையன் கேட்கிற வண்டியின் விவரங்களைப் படித்தேன். நல்ல வண்டிதான், நாம் ஓட்டியதெல்லாம் இதற்கு முன்னால் தகர டப்பா. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு அது. இவன் கேட்பதில் இரண்டு சக்கரத்துக்குமே இருக்கிறது, அது மிகவும் நல்லது. சக்கரத்தோடு பல்வைத்த வளையம் ஒன்று சுற்றும், சக்கரம் பூட்டப் போகிறது என்று சென்சாருக்குத் தெரிந்தால் நொடிக்குப் பல தடவை பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கும். மழையில் நேராகப் போகும்போது பயந்து முழுப் பிரேக்கையும் அழுத்தினாலும் விழாமல் காப்பாற்றும். ஆனால் சாய்ந்து திரும்பும்போது, சருகும் மணலும் கிடக்கிற வளைவில், சாதாரண ஏபிஎஸ் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. டிஸ்க் பிரேக் என்றாலும் ஆயில் சூடேறிக் கொதித்தால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏற ஏறச் சீக்கிரமே கொதிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது அதற்காகத்தான், சர்வீஸ் பில்லை ஏற்றுவதற்கு இல்லை. இதை உனக்கும் சேர்த்தே சொல்கிறேன், உன் வண்டியில் எப்போது மாற்றினாய் என்று யோசி.

கயலுக்குக் கை சரியாகிற வரைக்கும் அவள் தம்பியை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன், அவள் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சுண்ணாம்பால் கோடு போட்டு, நாற்பதில் வந்து கோட்டில் பிரேக் பிடி என்றேன். முதல் நாள் பின் பிரேக்கை மட்டும் மிதித்தான், டேப் வைத்து அளந்தால் இருபது மீட்டர். முன் பிரேக்கைத் தொடவே பயம், கவிழ்த்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெடுக்கென்று பிடித்தால் கவிழ்க்கும்தான். மல்கோவா பழுத்திருக்கிறதா என்று கட்டைவிரலால் பார்ப்போமே, அப்படித் தொட்டு, அப்புறம் அழுத்து, அழுத்தத்தை ஏற்று என்றேன். பாரம் முன்பக்கம் சாய்ந்து டயர் தரையை நன்றாகக் கவ்விய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம். நாலாவது நாள் ஒன்பதரை மீட்டரில் நின்றான். அதே வண்டி, அதே தரை. மிச்சமான பத்தரை மீட்டரைக் காலால் அளந்து நடந்து பார்த்தேன். ஒரு பஸ் நீளம் இருந்தது.

சேகர், 2024 ஏப்ரல் கடைசியில் பதின்மூன்றாவது வளைவில் பஸ் கவிழ்ந்தபோது நீ போன் பண்ணி ஒரு மணி நேரம் பேசினாய். அந்த மலை என்ன என்று உனக்குத் தெரியும். நம்ம நண்பன் மணி வண்டியில் அடிபட்டபோது நாம் இரண்டு பேரும் விடிய விடிய அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். 2015-இல் கோர்ட் உத்தரவு வந்ததும் அவன்தான் முதலில் ஹெல்மெட் வாங்கினான், போலீஸைப் பார்த்தால் மாட்டுவான், மற்ற நேரம் டேங்க் மேல். ஒரு கீறல் இல்லாத அந்த ஹெல்மெட்டை அவன் மனைவி சித்ரா கையில் கொடுத்தது நான். அதை இதுவரைக்கும் உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

வண்டி வாங்கிக் கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினெட்டு வயதுப் பையனிடம் வேண்டாம் என்றால் நண்பன் வண்டியை எடுப்பான், நீயும் அப்படித்தான் எடுத்தாய். ஆனால் நம்பர் பிளேட் மாட்டுவதற்கு முன்னால் அவனை நாலு நாள் என்னிடம் அனுப்பு. பழைய வண்டி ஒன்று வைத்திருக்கிறேன், விழுந்தாலும் கவலையில்லை. மூன்று நாள் மைதானம். நாலாவது நாள் விடியற்காலை, பஸ் கூட்டம் வருவதற்கு முன்னால், நான் முன்னே போக அவன் பின்னே வரட்டும். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திக் காட்டுவேன், பஸ் திரும்பும்போது அதன் பின்பக்கம் எதுவரைக்கும் வரும், ஏறி வருகிறவனுக்கு எங்கே நின்று வழி விட வேண்டும், கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று. அறுபதடி பாலத்தில் நீ விழுந்த இடத்தையும் காட்டுகிறேன், அதற்கு மட்டும் நீயும் வந்தால் நன்றாக இருக்கும்.

கயலும் வருவாள். அடுத்த மாதம் கட்டுப் பிரித்துவிடுவார்கள். வண்டியை விற்கச் சொல்லி அக்கா அழுகிறாள், அவள் மறுபடி அந்த மலையை இறங்கியே தீருவேன் என்கிறாள். நான் அவள் பக்கம்.

பிரவீணின் புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே நூலைச் சுற்றி அளந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அனுப்பு. ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாகப் பார்த்து, தலையை ஆட்டினால் ஆடாத அளவில் ஹெல்மெட் இங்கேயே வாங்கி வைக்கிறேன்.

உன்
ரவி