கோவில், சர்ச், பள்ளிவாசல் நிர்வாகிகளே, புயலுக்கு முன்னால் ஒருமுறை மைக்கைப் பிடியுங்கள்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும், உள்ளே வியாசர்பாடி, கொடுங்கையூர் வரைக்கும் இருக்கிற கோவில் தர்மகர்த்தாக்கள், விழாக் கமிட்டி அண்ணன்மார்கள், ஃபாதர்கள், பாஸ்டர்கள், ஜமாத் பெரியவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறக்கப் போகிறது. டிவியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கலர் கலராக மேப் காட்டுவார்கள், காசிமேட்டில் போட்டுகளை நெருக்கிக் கட்டுவார்கள், துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். அதெல்லாம் ஆரம்பிப்பதற்குள், வானிலை எச்சரிக்கையை உங்கள் மைக்கிலும் சொல்லுங்கள் என்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பகுத்தறிவுப் பாடம் எடுக்க வரவில்லை, பயப்படாதீர்கள். வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் போய்ப் பார்க்காவிட்டால் எனக்கே அந்த வாரம் ஓடாது.

2024 அக்டோபர் 16 ஞாபகம் இருக்கிறதா? சென்னைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரியில் மேம்பாலத்தின் மேல் காரை வரிசையாக ஏற்றி நிறுத்திவிட்டு வந்தார்கள். முந்தின நாள் பெய்ததோடு சரி, ரெட் அலர்ட் போட்ட அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட்டது. சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரே பேச்சு, "இவனுங்க சொல்றது எல்லாம் பொய்யி, வடிவுடையம்மா இருக்கும்போது எந்தப் புயல் உள்ள வரும்?" கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆறு வாரம் கழித்து ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரி பக்கம் கரை ஏறி, நகராமல் அங்கேயே உட்கார்ந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ-க்கு மேல், மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ கொட்டித் தீர்த்தது. மயிலம் குன்றின் மேல் முருகன் இருக்கிறார், எவ்வளவு பழைய கோவில். அந்த முருகனுக்குச் சக்தி போதவில்லை என்று உங்களில் யாராவது சொல்வீர்களா? மாட்டீர்கள். அப்படியென்றால் நம் பக்கம் மழை தப்பியதையும் நம் அம்மன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாமே.

நன்றி சொல்லுங்கள், அதில் என்ன தப்பு. ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லுங்கள், தேங்காய் உடையுங்கள், ஷுக்ரு சொல்லுங்கள். அதே மூச்சில் "அவர்கள் சொன்னது பொய்யாகப் போனது" என்று சேர்ப்பதுதான் வம்பு. அதைக் கேட்ட கீழ்வீட்டு ஆயா அடுத்த ரெட் அலர்ட்டுக்கு ரேஷன் கார்டையும் சுகர் மாத்திரையையும் பரண்மேல் எடுத்து வைக்க மாட்டாள். நாம் எவ்வளவு சொன்னாலும் "போன வாட்டி மாதிரிதான்" என்பாள்.

வானிலைக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன். பூமியைச் சுற்றியுள்ள காற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அழுத்தம், வெப்பம், ஈரம், காற்றின் வேகம் எல்லாம் போட்டு, அடுத்த சில நிமிடத்தில் அது என்னவாகும் என்று கம்ப்யூட்டரில் பார்த்து, அந்த விடையிலிருந்து அதற்கடுத்த நிமிடங்கள் என்று நாள் கணக்கில் ஓட்டுகிறார்கள். நம் வானிலைத் துறை பல வருடம் வைத்திருந்த உலக மாடலில் ஒரு கட்டம் 12 கிலோமீட்டர். காசிமேடு ஹார்பரும் எண்ணூர் முகத்துவாரமும் கிட்டத்தட்ட ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். திருவொற்றியூரில் கொட்டித் தண்டையார்பேட்டையில் வெறும் தூறல் என்றால் அந்த வித்தியாசம் அந்த மாடலின் கண்ணுக்கே தெரியாது. 2025 மே மாதம்தான் 6 கிலோமீட்டர் கட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். ராஜாஜி சாலைப் பக்கம் போகும்போது துறைமுக நூற்றாண்டுக் கட்டிடத்தின் உச்சியில் பெரிய உருண்டை தெரியுமே, அது டாப்ளர் ரேடார், 2002-இல் இந்தியாவிலேயே முதலில் வைத்தது. மாடலுக்குத் தெரியாத சின்ன மேகத்தையும் அது பார்த்துவிடும், ஆனால் சில மணி நேரத்துக்கு முன்னால்தான் சொல்ல முடியும்.

இன்னொரு சிக்கல், ஆரம்பக் கணக்கில் மயிரிழை பிசகினாலும் விடை எங்கேயோ போய்விடும். 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 0.506127 என்று போட வேண்டிய இடத்தில் சுருக்கி 0.506 என்று போட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தார், கொஞ்ச தூரம் போனதும் அது முற்றிலும் வேறொரு வானிலையாகிவிட்டது. நடு வங்கக்கடலில் அளந்து சொல்ல ஆளா இருக்கிறது? சில மிதவைகள், மேலே செயற்கைக்கோள், அவ்வளவுதான். அதனால் இப்போதெல்லாம் தொடக்கத்தைச் சின்னச் சின்னதாக மாற்றி ஒரே கணக்கைப் பல தடவை ஓட்டுகிறார்கள். பத்தில் ஏழு தடவை பெருமழை என்று வந்தால் எச்சரிக்கை போடத்தான் வேண்டும், மீதி மூன்று நடந்துவிட்டால் யாரும் பொய் சொன்னதாக ஆகாது. அதே நேரம் அவர்கள் கோட்டை விட்ட நாளும் உண்டு, மறைக்க வேண்டாம். 2021 டிசம்பர் 30 மதியத்துக்கு மேல் சென்னையை முழுக வைத்த மழையை முன்கூட்டிச் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ பெய்யும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் புயல் எங்கே கரை ஏறும் என்பதை ஒரு நாள் முன்னால் சொல்லும்போது சராசரியாக நூறு கிலோமீட்டருக்கும் குறைவாகத்தான் இன்று தப்புகிறார்கள். ரமணன் சார் டிவியில் வந்த காலத்திலிருந்து அவர்களைக் கிண்டல் பண்ணுவது நமக்குப் பொழுதுபோக்கு, இந்த முன்னேற்றத்தை யாரும் கவனிக்கவில்லை.

அப்புறம் பஞ்சாங்கம். ஒவ்வொரு வெள்ளம் வடிந்ததும் "பார்த்தீர்களா, அப்போதே போட்டிருக்கிறது" என்று ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்கள். வெள்ளம் வருவதற்கு முன்னால் அந்தப் படம் எனக்கு வந்ததே இல்லை. கார்த்திகையில் காற்றும் மழையும் என்று எழுதி வைத்தால் எந்த வருடம்தான் பலிக்காது? கிரகணத்தைப் பஞ்சாங்கம் நேரம் குறித்துச் சொல்கிறது, அதை மதிக்கிறேன். சூரியன், சந்திரன் ஓட்டத்தை நூறு வருடத்துக்கு முன்பே கணக்கிட முடியும், காற்றின் ஓட்டம் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு மேல் யாருக்கும் பிடிபடாது, நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் இருப்பவர்களுக்கும் சரி, ஜோசியருக்கும் சரி.

ஆனால் பஞ்சாங்கத்தில் உண்மையிலேயே நமக்கு உதவுகிற ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் எடுப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஓதம் ஏறும், காசிமேட்டில் சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான். அந்த நாளில் பெருமழையும் சேர்ந்தால் கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் தண்ணீரைக் கடலுக்குள் தள்ள முடியாமல் திணறும், கொடுங்கையூர் கால்வாய் ஓரத்து வீடுகளுக்குள் அது திரும்பி வரும். "நாளை அமாவாசை, தர்ப்பணம் காலை இத்தனை மணிக்கு" என்று குருக்கள் மைக்கில் சொல்லும்போதே "ஓதம் ஏறுகிற நாள், மழையும் சொல்லியிருக்கிறார்கள், கால்வாய் ஓரம் இருப்பவர்கள் ராத்திரியே மேடான இடத்துக்குப் போய்விடுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் எவ்வளவு பேருக்குப் போய்ச் சேரும்.

2023 டிசம்பர் 4-க்கு வருகிறேன். கார்த்திகை சோமவாரம், தேய்பிறை சப்தமி, அமாவாசைகூட இல்லை. மிக்ஜாம் புயல் ஆந்திராவுக்குப் போகிறது என்றதும் நம் ஆட்கள் பாதிப் பேர் நமக்கில்லை என்று படுத்துவிட்டார்கள். புயல் பாபட்லா பக்கம் கரை ஏறியது மறுநாள்தான், ஆனால் போகிற வழியில் நம் கரையை ஒட்டி ஆமை வேகத்தில் ஊர்ந்தது, கொட்டியதெல்லாம் அப்போதுதான். எச்சரிக்கை இருந்தது, முந்தின நாளே லீவும் விட்டார்கள். கரண்ட் போய், டவர் போய், போனில் சார்ஜும் போனபிறகு யாருக்கு எது தெரியும்? எண்ணூர் பக்கம் எண்ணெயும் சேர்ந்து வந்ததில் தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுவரில் கறுப்புக் கோடு, தேய்த்தாலும் போகவில்லை. எங்கள் தெருக் கோவிலில் பேட்டரியில் ஓடுகிற ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது, மார்கழி பஜனைக்காக வசூல் பண்ணி வாங்கியது. கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கர் நாலு தெருவுக்குக் கேட்கும், ஆடி மாதம் விடிகாலையில் அது கேட்காத காது இந்த ஏரியாவில் கிடையாது. அன்றைக்கு அந்த ஆம்ப்ளிஃபயர் பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தது. தெருப் பசங்கள் இடுப்பளவு தண்ணீரில் வீடு வீடாகக் கதவைத் தட்டித் தொண்டை கட்டக் கத்தினார்கள்.

வெள்ளம் வந்தபிறகு நீங்கள் செய்ததை யாரும் மறக்கவில்லை. 2015-லும் சரி, மிக்ஜாமிலும் சரி, பள்ளிவாசலைத் திறந்துவிட்டது, சர்ச் ஹாலில் பாய் விரித்தது, அன்னதானக் கூடத்தில் அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம் கிண்டியது எல்லாம் நடந்தது. நான் கேட்பது அதற்கு ஒரு நாள் முன்னால்.

இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். வங்கதேசத்தில் 1970 புயலில் செத்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். 1991-இல் ஏறக்குறைய 1,38,000. 2007-இல் சிதர் என்ற பெரும்புயல் வந்தபோது சுமார் 3,400. அதுவும் பெரிய எண்தான், ஆனால் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறார்கள் பாருங்கள். உயரமான புயல் முகாம்கள் கட்டினார்கள், தொண்டர்கள் கை மைக்கோடு கிராமம் கிராமமாகப் போனார்கள், கூடவே மசூதி ஒலிபெருக்கியிலும் எச்சரிக்கை சொன்னார்கள். தினமும் தொழுகைக்குக் கூப்பிடுகிற குரல் "வீட்டை விட்டுக் கிளம்புங்கள்" என்றால் எவன் உட்கார்ந்திருப்பான்? சுமத்ரா பக்கத்தில் சிமெலு என்று ஒரு தீவு. 1907 சுனாமிக்கு அப்புறம் "நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு" என்று பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டாகவே சொல்லி வைத்தார்கள். 2004 சுனாமியில் அந்தத் தீவில் சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழே பேர்.

நம் கரையில் அன்று என்ன நடந்தது? கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பூகம்பம் வந்தது காலை ஆறரை மணிக்கு, அலை சென்னைக்கு வந்தது ஒன்பதை ஒட்டி. அந்த இரண்டு மணி நேரத்துக்கும் மேலான இடைவெளியில் கடற்கரை நெடுக எத்தனையோ சர்ச்சுகளில் மைக் ஆனில்தான் இருந்திருக்கும். சொல்லத்தான் யாரிடமும் செய்தி இல்லை. 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்துவிட்டது, இனி செய்தி இல்லை என்று சொல்ல முடியாது. 2012 ஏப்ரல் 11-ஆம் தேதி சுமத்ராவில் 8.6 அளவு பூகம்பம், சென்னைக் கரையைக் காலி பண்ணச் சொன்னார்கள், பெரிய அலை வரவில்லை. அந்த முறை கடலடிப் பாறைகள் மேலும் கீழும் ஏறி இறங்காமல் பக்கவாட்டில் நகர்ந்ததுதான் காரணம், அதனால் தண்ணீர் தூக்கப்படவில்லை. அன்றைக்கு ஓடியவர்களைச் சிலர் இன்றும் கேலி பண்ணுகிறார்கள். நானாக இருந்தால் மறுபடியும் ஓடுவேன்.

1755-இல் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் நொறுங்கியபோது மலக்ரிடா என்று ஒரு பாதிரியார், இது கடவுளின் கோபம், குடிசை போடுகிற நேரத்தில் ஜெபம் பண்ணுங்கள் என்று புத்தகமே போட்டார். நம் யூடியூப் பிரசங்கிகளிலும் ஜோசியர்களிலும் அவர் வாரிசுகள் நிறைய. அவர்களோடு உங்களைச் சேர்க்கவில்லை, ஆனால் அவர்களுடைய ஃபார்வர்டுகள் உங்கள் குரூப்பில்தான் சுற்றுகின்றன, அதை நிறுத்த உங்களால்தான் முடியும்.

சரி, செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. கமிட்டியில் ஒரே ஒரு ஆளை இதற்கென்று வையுங்கள், நன்றாகப் படிக்கத் தெரிந்த பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. வானிலை மையத்தின் அறிவிப்பு, தமிழக அரசின் டிஎன்-அலர்ட் செயலி, இரண்டை மட்டும் பார்க்கட்டும், வேறு எதையும் நம்பி மைக்கில் சொல்லக் கூடாது. "சென்னைக்குத் தென்கிழக்கே 310 கிலோமீட்டரில் நிலைகொண்டுள்ளது" என்று அப்படியே வாசித்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது, தெருவுக்கு ஏற்றபடி சொல்ல வேண்டும்: இன்று ராத்திரி பெருமழை இருக்கலாம், வராமலும் போகலாம், கீழ்வீட்டுக்காரர்கள் பத்திரம், மாத்திரை எல்லாம் மேலே எடுத்து வையுங்கள், பிள்ளைத்தாய்ச்சி, படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், மண்டபம் திறந்திருக்கிறது, மாநகராட்சி நம்பர் 1913. "வராமலும் போகலாம்" என்பதை விட்டுவிடாதீர்கள், அதைச் சொல்லிவிட்டால் வராத மழைக்கு யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள்.

ராத்திரியில் மைக் போட்டால் போலீஸ் கேஸ் போடுவார்களே என்று சிலர் இழுப்பீர்கள். ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்ட அதே ஒலி மாசு விதிகளிலேயே பொது அவசரநிலைக்கு விலக்கு இருக்கிறது. இப்போதே ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், அன்றைக்கு ராத்திரி வாதாட வேண்டாம். பேட்டரியை இந்த வாரமே சார்ஜ் போட்டுப் பாருங்கள். எங்கள் தெருக் கோவில் ஆம்ப்ளிஃபயரை நானே வந்து பார்க்கிறேன், பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து உங்களில் ஒருவன்