இருப்பு இல்லாத நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாராவி போன்ற பகுதிகளில் ஒரு டாக்டரைச் சுகாதார நிலையப் பொறுப்பில் போட்டதுமே மருந்து இருப்பு, ஆள் பகிர்வு, பதிவேடு எல்லாம் அவர் தலையில் விழுகின்றன. எம்.பி.பி.எஸ். படிப்பில் இவற்றைச் செய்து பழக வாய்ப்பு மிகக் குறைவு. அந்தக் குறை கடைசியில் நோயாளியைத்தான் பாதிக்கிறது.

சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்வோம். 90 நாளில் 9,000 மாத்திரை செலவானால், மாதம் 3,000 என்று இண்டென்ட் (மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) போடுகிறார்கள். அந்த 90-இல் 30 நாள் அலமாரி காலியாக இருந்திருந்தால்? மருந்து இருந்த 60 நாளால் வகுத்தால் நாளுக்கு 150, மாதத்துக்கு 4,500. குறைத்துக் கேட்டதால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் தீரும். பட்டியலும் இன்னும் சுருங்கும். சரக்கு வர 45 நாள் ஆகுமென்றால் அதற்கு 6,750, தாமதத்துக்குக் காப்பாக 15 நாளுக்கு 2,250. ஆக, இருப்பு 9,000-ஐத் தொடும்போதே எழுதிவிட வேண்டும்.

தடுப்பூசியிலும் இதே கதைதான். ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் ஊசி, குழந்தையின் 6, 10, 14-ஆம் வாரங்களில் போடுவது. முதல் தவணைக்கு 100 குழந்தைகள், மூன்றாவதற்கு 78 என்றால் 22 சதவீதம் விடுபட்டிருக்கிறது. இது 10 சதவீதத்தைத் தாண்டினாலே காரணம் தேட வேண்டும். ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதி மூடக் கூடாது. நம் பெண்கள் பிள்ளையோடு திருநெல்வேலிப் பக்கம் தாய்வீடு போயிருப்பார்கள். ஊசி அங்கே போட்டாகியிருக்கும், இங்கே பதிவாகியிருக்காது. இன்னொரு வீட்டில், ஊசிக்குப் பின் காய்ச்சல் வரலாம் என்று யாரும் சொல்லாததால் பயந்து நிறுத்தியிருப்பார்கள். முன்னதற்குத் தடுப்பூசி அட்டையைப் பார்த்துப் பதிந்தால் போதும். பின்னதற்கு, என்ன ஊசி, என்ன செய்யும், அடுத்து எப்போது, அட்டையைப் பத்திரப்படுத்துங்கள் என்ற நாலு வார்த்தையை நர்ஸ் சொல்லியாக வேண்டும். 22 வீட்டிலும் கேட்டால்தான் எது எத்தனை என்று தெரியும்.

இதெல்லாம் இரண்டு நாள் ஸ்லைடு காட்டிச் சான்றிதழ் கொடுப்பதால் வராது. மூன்று நாள் வகுப்பு, பிறகு மூன்று மாதம் தம் நிலையத்திலேயே ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்ப்பது, பதினைந்து நாளுக்கொரு முறை பயிற்றுநர் நேரில் வருவது என்று மாநகராட்சி அமைக்கட்டும். ‘ஆள் பற்றாக்குறை’ என்று எடுத்தால் பொறுப்பாளரால் தீர்க்க முடியாது. ‘புதன்கிழமை காத்திருப்பு 2 மணி நேரம்’ என்றால் முடியும். இண்டென்ட் எழுதுபவர் பார்மசிஸ்ட் என்பதால் அவரையும் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். அந்த மூன்று மாதமாவது டாக்டருக்கு மாற்றல் போடாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பயிற்றுநர்கள் சிலர்,
மும்பை