அவரிடமே கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் ரத்த அழுத்தம், உணவு, கை கால் பயிற்சி எல்லாம் விரிவாக இருந்தது. பேச்சைப் பற்றி மட்டும் 'சிலருக்கு நாக்கு குழறலாம்' என்று ஒரே வரி. நாக்கு குழறுவது வேறு, அஃபேசியா வேறு. குழறும்போது சொல் மனதில் சரியாகத்தான் இருக்கும், வாய்த்தசைகள் ஒத்துழைக்காது. அஃபேசியாவில் மூளையில் மொழியைக் கையாளும் பகுதியே (பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம்) பாதிக்கப்படுவதால் சொல் அகப்படாது, இல்லையென்றால் வேறு எதோ சொல் வந்து விழும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது, ஒரு வரியில் தாண்டிப் போகிற விஷயமா இது?

என் அண்ணனுக்கு அஃபேசியா இருக்கிறது. தண்ணீர் கேட்க வாயைத் திறப்பார், 'சாவி' என்று வரும். தப்பு என்று அவருக்கே உடனே தெரிந்துவிடும், தலையை வேகமாக ஆட்டிவிட்டு மறுபடி முயல்வார், மறுபடியும் 'சாவி'தான். பார்க்க வருகிறவர்களோ அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு அண்ணியிடம், "நம்மையெல்லாம் அடையாளம் தெரியுதா?" என்று கேட்கிறார்கள். தெரிகிறது, அவர்கள் கேட்டதும் புரிகிறது, முகம் சுருங்கிப் போவதைப் பார்த்தாலே தெரியும். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். எதைக் கேட்டாலும் அந்த மனிதருக்கு வாயில் வந்தது 'டான்' என்ற ஓர் ஓசைதான், ஆனால் மற்றவர்கள் சொன்னதில் பெரும்பகுதி புரிந்தது, சைகையில் பதில் சொன்னார். பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது என்று அர்த்தமில்லை என்பதற்கு அப்போதே இப்படி ஒரு சாட்சி இருந்தும் நாம் இன்னும் மாறவில்லை. 1874இல் ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கே விவரித்த அஃபேசியா வகை இன்னும் கொடுமை, பேச்சு தடையில்லாமல் ஓடும் ஆனால் பொருள் இருக்காது, பிறர் பேசுவதும் சரியாகப் புரியாது. இவர்களைத்தான் மனநிலை சரியில்லை என்று சட்டென்று முடிவுகட்டி விடுகிறார்கள்.

பேச வராவிட்டால் எழுதிக் காட்டட்டுமே என்பார்கள். வாசிப்பும் எழுத்தும் பெரும்பாலும் சேர்ந்தே பாதிக்கப்படும் என்பதால் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடாது. அப்புறம், பழைய பாட்டை வார்த்தை பிசகாமல் பாடுகிறாரே, ஒன்று இரண்டு எண்ணுகிறாரே, அப்படியென்றால் நடிக்கிறாரா என்று கேட்பவர்களும் உண்டு. மனப்பாடமாகப் பதிந்ததும் இசையோடு சேர்ந்ததும் பலருக்குப் பாதிக்கப்படாமல் தப்பிவிடும், புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டுவதுதான் கஷ்டம். ராகம் போட்டுச் சொல்ல வைத்துப் பேச்சை மீட்கும் சிகிச்சையே இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய. டிவியை அணைத்துவிட்டு ஒருவர் மட்டும் பேசுங்கள். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், கத்த வேண்டாம், காது நன்றாகத்தான் கேட்கிறது. ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேளுங்கள், ஆனால் அந்த இரண்டுமே அவர்களுக்கு மாறி வரலாம் என்பதால் கட்டைவிரலை உயர்த்தியோ தாழ்த்தியோ காட்டச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் காத்திருங்கள். ஒரு சொல் வர அரை நிமிடம்கூட ஆகலாம், அதற்குள் நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவருக்கு முயலவே மனம் வராது.

ஆறு மாதத்துக்குள் வராத பேச்சு இனி வராது என்று சொல்லிப் பயிற்சியை நிறுத்திவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் பல ஆண்டுகள் கழித்தும் பயிற்சியால் பேச்சு மேம்பட்டவர்கள் உண்டு.

ஒரு பேச்சு சிகிச்சையாளரை எழுதவைத்து இதற்கென்றே தனிக் கட்டுரை வெளியிடுங்கள். திடீரென்று பேச்சு தடுமாறினால் அதுவே பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம், ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதையும் அதில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்